ஜுமைரா தொல்லியல் தளம்

துபாயின் சத்வா பகுதிக்குத் தென்மேற்கே, ஜுமைரா கடற்கரைக்கு அருகிலுள்ள அகழாய்வுத் தளம். 1969இல் கண்டறியப்பட்டது. அப்பாசியர் காலத்தில், ஏறத்தாழ 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, ஈராக்கையும் ஓமானையும் இணைத்த வணிக வழியில் இது தங்கலிடமாக விளங்கியது. வணிகர் சத்திரம், பள்ளிவாசல், கடைவரிசை, குடியிருப்புகள் ஆகியவற்றின் அடித்தளங்களும் சுதை வேலைப்பாடுகளும் மெருகேற்றிய மட்பாண்டங்களும் கிடைத்துள்ளன.

பாரசீகத் தொடர்பு: வளைகுடாவின் எதிர்க்கரையில், இன்றைய ஈரானின் பூஷெர் மாகாணத்தில், இதே காலத்தில் சீராஃப் துறைமுகம் இந்தியாவுடனும் சீனாவுடனும் வணிகம் செய்து செழித்தது. 977ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும் சேதமுற்றது. அதன் இடிபாடுகளை ஒட்டி இன்று ஒரு சிற்றூர் உள்ளது. 1966 முதல் 1973 வரை தொல்லியலாளர் டேவிட் வைட்ஹவுஸ் சீராஃபில் அகழாய்வு நடத்தினார். சத்வாவில் அமைக்கப்பட்ட, நீல ஓடுகள் பதித்த ஈரானியப் பள்ளிவாசலும் ஈரானிய மருத்துவமனையும் வளைகுடாவின் இரு கரைகளுக்கும் இடையிலான உறவு பிற்காலத்திலும் தொடர்ந்ததைக் காட்டுகின்றன.

பார்வையிடல்: தளம் திறந்தவெளி, நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். சத்வாவில் வாழும் தமிழர்கள் சிறு பயணத்திலேயே சென்றடையலாம். எண்ணெய் கண்டறியப்படுவதற்கு வெகு முன்பே, ஆயிரமாண்டுக்கு முன் துபாயில் நிலவிய வணிக வாழ்வை நேரில் அறிய இது மிகச் சிறந்த இடம்.