தலைக்காயத்தில் நரம்புக்காப்பு மருந்துகள்

தலையில் படும் அடியால் மூளைக்கு நேரும் கேட்டை மருத்துவ அறிவியல் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. அடிபட்ட கணத்திலேயே நரம்பிழைகள் அறுந்து, குருதிக்குழாய்கள் கிழிந்து, திசு நசுங்குவது முதல்நிலைக் கேடு. அதை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அதன்பின் சில மணி நேரம் முதல் பல நாட்கள் வரை தொடரும் வேதியியல் அழிவு இரண்டாம்நிலைக் கேடு எனப்படும். அடிக்குத் தப்பிய நரம்பணுக்களை இந்த இரண்டாம் அழிவிலிருந்து காப்பதற்கான மருந்துகளே நரம்புக்காப்பு மருந்துகள்.

இந்த இரண்டாம் அழிவில், நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தப் பயன்படும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள், சிதைந்த அணுக்களிலிருந்து அளவுமீறிக் கசிந்து, அண்டை அணுக்களை ஓயாமல் தூண்டுகிறது. அத்தூண்டலால் கால்சியம் உள்ளே பாய, புரதங்களை அறுக்கும் நொதிகள் விழித்து அணுவின் சட்டகத்தையே அரிக்கின்றன; அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் செயலிழக்கின்றன. கூடவே மூளை வீங்கும்போது, மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறிக் குருதியோட்டம் குன்றுகிறது. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அறுக்க ஏதேனும் ஒரு மருந்து முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது.

அவற்றுள் நெடுங்காலம் நம்பப்பட்டவை ஸ்டீராய்டுகள். மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கத்தை அவை வியக்கத்தக்க விதத்தில் வடியச் செய்ததால், அடிபட்ட மூளையின் வீக்கத்தையும் வடிக்கும் என்று கருதி, பல நாடுகளில் பல்லாண்டுகள் வழங்கப்பட்டன. இந்த நம்பிக்கையைச் சோதித்த கிராஷ் ஆய்வில், அடிபட்டு 8 மணி நேரத்துக்குள் சேர்க்கப்பட்ட 10,008 பேரில் ஒரு பிரிவினருக்கு மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு முதல் ஒரு மணி நேரத்தில் 2 கிராமும், அடுத்த 48 மணி நேரத்துக்கு மணிக்கு 0.4 கிராமும் சிரைவழி செலுத்தப்பட்டது. மறுபிரிவினர் மருந்தற்ற வெற்றுக்கரைசலைப் பெற்றனர். இரண்டு வாரங்களுக்குள் இறந்தோர் மருந்துப் பிரிவில் 21.1 விழுக்காடு, மற்றதில் 17.9 விழுக்காடு. 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்த ஆய்வு 2004இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இத்துறையில் உயிர்களைக் காத்த கண்டுபிடிப்புகளுள் இம்முடிவு முதன்மையானது. ஏனெனில், நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்டுவந்த ஒரு மருந்து சாவைக் கூட்டுவதை அது ஐயமின்றிக் காட்டியது.

அடுத்த பெருநம்பிக்கை புரோஜெஸ்டிரோன் என்னும் பெண்மைச் சுரப்பிலிருந்து எழுந்தது. அச்சுரப்பு மிகுந்த நிலையிலுள்ள பெண் எலிகளுக்கு அடிக்குப்பின் மூளைவீக்கம் குறைவாக இருந்ததை அமெரிக்காவின் டொனால்டு ஸ்டெயின் குழுவினர் கவனித்தனர். சிறிய மனித ஆய்வுகளும் ஆதரவாகவே அமைந்தன. ஆயினும் 882 பேரைக் கொண்ட புரோடெக்ட் ஆய்வும், ஏறத்தாழ 1,200 பேரைக் கொண்ட சினாப்ஸ் ஆய்வும், 2014இல் பயனேதும் இல்லை என்றே முடிவுரைத்தன. சிட்டிகோலின், மெக்னீசியம் சல்பேட் ஆகியவையும் பெரிய ஆய்வுகளில் தேறவில்லை.

எலிகளில் பலித்தது மனிதரில் பலிக்காதது ஏன்? ஆய்வகத்தில் ஒரே வயதுடைய எலிகளுக்கு, ஒரே விசையில், ஒரே இடத்தில் அடி கொடுத்து, சில நிமிடங்களிலேயே மருந்தும் ஏற்ற முடிகிறது. மருத்துவமனைக்கு வருவோரிலோ ஒருவருக்கு உறைகுருதிக் கட்டி, மற்றொருவருக்கு நரம்பிழைகளின் பரவலான அறுபடல், இன்னொருவருக்கு அதோடு நெஞ்சுக்காயமும் குருதியிழப்பும். அனைவரும் மணிக்கணக்கில் பிந்தியே வந்து சேர்கின்றனர். தோல்விக்கு முதற்காரணம் மருந்தின் குறையைவிட இந்த வேறுபாடே என்று கொள்ளத் தகும்.

இன்று பயன்படும் மருந்துகள் நரம்பணுவை நேரே காப்பவை அல்ல. மானிட்டால், செறிவுமிக்க உப்புக்கரைசல் ஆகியவை மூளையிலிருந்து நீரை இழுத்து அழுத்தத்தைத் தணிக்கின்றன. ஃபெனிட்டோயின் முதல் வாரத்து வலிப்பைக் குறைக்கிறது, பின்னாளில் வரும் வலிப்பைத் தடுப்பதில்லை. குருதியுறைவு கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 12,737 பேரிடம் சோதித்த கிராஷ்-3 ஆய்வு, 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் லேசான அல்லது மிதமான காயமுடையோரிடையே தலைக்காயச் சாவு குறைவதாக 2019இல் தெரிவித்தது. நினைவு முழுமையாகத் திரும்பாமல் வாரக்கணக்கில் கிடப்போருக்கு அமான்டடின் தரப்படுகிறது. 184 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மருந்து கொடுத்த நான்கு வாரங்களில் அவர்களது தேறுதல் மருந்து பெறாத பிரிவினரைவிட விரைந்தது; நிறுத்திய பின்னிரு வாரங்களில் வேகம் தணிய, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையை அடைந்தனர்.