அழகுசார் மார்பக அறுவையின் விளைவுகளை அளவிடுதல்

அழகுசார் மார்பக அறுவையின் விளைவுகளை அளவிடுதல் என்பது மார்பகத்தைப் பெரிதாக்கல், சிறிதாக்கல், உயர்த்தல் போன்ற அறுவைகள் எந்த அளவுக்குப் பயன் தந்தன என்பதை மருத்துவரின் கண் மதிப்பீட்டை மட்டும் நம்பாமல் எண்களால் பதிவு செய்யும் முறை ஆகும்.

தமிழகப் பின்னணி

2018 பிப்ரவரியில் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் அழகுசார் மார்பக அறுவையை இலவசமாகச் செய்யும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பணம் உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சிகிச்சை ஏழைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு கூறியது. உயிர் காக்கும் சிகிச்சைகளுக்கே பொதுப்பணம் செல்ல வேண்டும் என்று எதிர்த்தோர் வாதிட்டனர். அறுவையால் கிட்டும் பயன் அளவிடப்பட்டாலன்றி இவ்விவாதத்தை வெறும் கருத்துகளைக் கொண்டு தீர்க்க இயலாது.

உடல் அளவீடுகள்

மார்பெலும்பின் மேற்குழிவில் இருந்து முலைக்காம்பு வரையிலும், முலைக்காம்பில் இருந்து மார்பகத்தின் அடிமடிப்பு வரையிலும் உள்ள தொலைவுகள் நாடாவால் அளக்கப்படும். தொய்வை அடிமடிப்புக்கும் முலைக்காம்புக்கும் உள்ள மட்ட வேறுபாட்டைக் கொண்டு வகைப்படுத்தும் முறையை ரெனோ 1976 இல் வெளியிட்டார். கன அளவை அறிய நீர் இடப்பெயர்ச்சி, காந்த அதிர்வுப் படம், முப்பரிமாண மேற்பரப்புப் படம் ஆகியன உதவுகின்றன.

புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தில் மட்டும் அறுவை செய்தால் மறு மார்பகமே ஒப்பீட்டு அளவாக அமையும். 1985 இல் பெஸ்னர் குழுவினர் அறிமுகப்படுத்திய முறையும், போர்த்துகலில் உருவான பிசிசிடி.கோர் என்னும் நிழற்பட மென்பொருளும் இவ்வகையில் இருபுறச் சமச்சீரைக் கணிப்பவை. அழகுசார் அறுவையிலோ பெரும்பாலும் இருபுறமும் மாற்றப்படுகின்றன. ஆகையால் அறுவைக்கு முந்தைய அளவுகள் இல்லையேல் பின்னர் எடுக்கும் அளவுகளால் பயன் குறைவே.

சிலிக்கோன் பைகளைச் சுற்றி ஏற்படும் உறை இறுக்கத்தைக் குறிக்கும் பேக்கர் தரவரிசை நான்கு நிலைகளை உடையது. முதல் நிலையில் மார்பகம் இயல்பான மென்மையுடன் இருக்கும். நான்காம் நிலையில் கடினமும் வலியும் உருக்குலைவும் காணப்படும். எண்ணால் குறிக்கப்பட்டாலும் இது தொட்டுப் பார்த்துச் சொல்லும் தரமே. ஆகவே இருவர் இருவேறு நிலைகளைக் கூறலாம்.

நோயாளியின் மதிப்பீடு

2009 இல் பியூசிக், கிளாசன், கேனோ முதலியோர் வெளியிட்ட பிரெஸ்ட்-கியூ வினாக்கொத்து, மனநிறைவு, உளநலம், பாலியல் நலம், உடல்நலம் ஆகியவற்றைத் தனித்தனியே 0 முதல் 100 வரையான மதிப்பெண்களாகத் தருகிறது. இதனை அறுவைக்கு முன்னும் பின்னும் நிரப்ப வேண்டும். நிழற்படத்தில் சிறப்பாகத் தோன்றும் அறுவையைப் பெற்ற பெண் அதில் நிறைவு கொள்ளாமல் இருப்பதும், தழும்பு தெரியும் பெண் முதுகுவலி நீங்கியதால் மகிழ்வதும் உண்டு. நாடா இவற்றைக் காட்டாது.

தொடர் கண்காணிப்பு

ஸ்டான்லி மருத்துவமனை வடசென்னையில் உள்ளது. ஆவடி, பூந்தமல்லி போன்ற மேற்குப் புறநகர்களில் வாழும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு மறுபரிசோதனையும் ஒரு நாள் ஊதிய இழப்பாகும். நலமாக இருப்பவர்கள் திரும்பி வராவிடில் பதிவேட்டில் சிக்கல்களே மிகுந்து தோன்றும்; மனக்குறை உள்ளோர் வேறிடம் சென்றுவிட்டால் வெற்றியே மிகுந்து தோன்றும். இதனால் வராதோரின் எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிடுவது இன்றியமையாதது. உறை இறுக்கம் சில ஆண்டுகள் கழித்தும் தோன்றக்கூடும் என்பதால் ஆறு மாதப் பதிவு போதுமானதன்று.