ஹிஜாஸின் கோடை: ஜித்தா, மக்கா, தாயிஃப், மதீனாவில் வெயில் எப்படி இருக்கும்?

மே மாதப் பள்ளி விடுமுறை வந்தால் நம் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக உம்ராவுக்குப் புறப்படுகிறோம். கைக்குழந்தை முதல் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் வரை அந்தப் பயணத்தில் இருக்கிறார்கள். "நம்ம ஊர் வெயிலைப் பார்த்தவங்களுக்கு அந்த ஊர் வெயில் என்ன செய்யும்?" என்று சிலர் சொல்வதையும் கேட்கிறோம். அந்தப் பேச்சு ஜித்தாவுக்கு ஓரளவு பொருந்தும். மக்காவுக்கும் மதீனாவுக்கும் பொருந்தாது. சில மணி நேரப் பயணத்துக்குள் கடற்கரை, மலை, பாலைவனம் மூன்றையும் கடக்கும் நிலம் ஹிஜாஸ். ஒவ்வோர் இடத்திலும் வெயில் ஒவ்வொரு விதமாக உடலைத் தாக்கும்.

நில அமைப்பு

செங்கடலை ஒட்டிய தாழ்வான சமவெளிக்குத் திஹாமா என்று பெயர். அதற்குக் கிழக்கே வடக்கு தெற்காக ஸராத் மலைத்தொடர் எழுகிறது. மலைக்கு அப்பால் நஜ்துப் பீடபூமி. ஹிஜாஸ் என்ற அரபுச் சொல்லுக்குத் தடுப்பு என்று பொருள். திஹாமாவையும் நஜ்தையும் பிரிப்பதால் இப்பெயர் வந்ததாக அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

ஜித்தா கடல் மட்டத்தில் இருக்கிறது. மக்கா சுமார் 280 மீட்டர் உயரத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உள்ளே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. வடக்கே உள்ள மதீனா சுமார் 600 மீட்டர் உயரம். மலைமேல் உள்ள தாயிஃப் 1,800 மீட்டருக்கும் மேல்.

ஜித்தா: வியர்வை காயாத வெயில்

கோடையில் ஜித்தாவின் பகல் வெப்பம் பொதுவாக 38, 39 டிகிரி செல்சியஸ் வரை போகும். செங்கடல் நீரே 30 டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிடுவதால் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை காயாமல் உடலிலேயே ஒட்டிக்கொள்ளும், உடல் குளிராது. இரவிலும் புழுக்கம் விடாது. சென்னை, நாகூர், காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது பழகிய வெயில்தான்.

ஆனால் கடல் காற்று நின்று உள்நாட்டிலிருந்து அனல் காற்று வீசும் நாட்களில் நிலைமை மாறிவிடும். 2010 ஜூன் 22 அன்று ஜித்தாவில் 52 டிகிரி பதிவானது.

மக்கா: பாறை உமிழும் வெப்பம்

ஜூன், ஜூலையில் மக்காவின் சராசரிப் பகல் வெப்பம் 43, 44 டிகிரி. மே மாதத்திலேயே 40 டிகிரியைத் தாண்டிவிடும். சுற்றிலும் மரமற்ற பாறை மலைகள். பகலில் குடித்த வெப்பத்தை அவை இரவில் வெளியே விடுவதால், நள்ளிரவுக்குப் பிறகும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

மே 28, ஜூலை 16 ஆகிய நாட்களை ஒட்டி, லுஹர் நேரத்தில் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. அப்போது கஃபாவுக்கு நிழல் விழாது. இந்திய நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2.48க்கும் ஜூலையில் 2.57க்கும் இது நிகழும். அந்நேரம் நம் ஊரில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா திசை. பள்ளிவாசல்களில் கிப்லாவைச் சரிபார்க்க இது எளிய வழி. அதே நேரத்தில் ஹரமில் இருப்பவர் தலைக்கு நேர் மேலே வெயில் இறங்குகிறது; ஒதுங்கச் சுவர் நிழல்கூட இருக்காது.

2024 ஹஜ்ஜின்போது ஜூன் 17 அன்று மக்காவில் 51.8 டிகிரி பதிவானது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் வஃபாத்தானதாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதத்தினர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். கூடாரம், குளிரூட்டிய பேருந்து போன்ற வசதிகள் கிடைக்காமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். குறுக்கு வழியில் ஹஜ்ஜுக்கு அனுப்புகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறும் முன் இந்த எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள்.

ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாட்கள் குறைவு என்பதால் ஹஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடையிலிருந்து விலகி வசந்தத்துக்கும் பிறகு குளிர்காலத்துக்கும் நகர்கிறது. உம்ராவோ நம் பள்ளி விடுமுறையைப் பொறுத்தே அமைகிறது. அதனால் கோடை வெயில் குடும்பங்களை விட்டு விலகப் போவதில்லை.

தாயிஃப்: மலையின் குளிர்ச்சி

மேலே ஏறும் காற்று விரிந்து குளிர்வதால் உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். மக்காவிலிருந்து 90 கிலோமீட்டர் தொலைவில்தான் தாயிஃப். ஆனாலும் பகல் வெப்பம் எட்டு, ஒன்பது டிகிரி குறைவு. இரவில் இதமாக இருக்கும். ரோஜா, திராட்சை, மாதுளைக்குப் பெயர் பெற்ற ஊர். இன்னும் தெற்கே, சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள அப்ஹாவில் ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடியுடன் மழையும் பெய்யும். அப்போது வாதி எனப்படும் வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளம் வரலாம். அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது.

ஸியாரத்துக்காகத் தாயிஃப் போய்விட்டு அன்றே மக்கா திரும்புவோர் கவனிக்க: குளிர்ந்த காற்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அனலுக்குள் இறங்குகிறீர்கள். வந்த உடனே வயதானவர்களைத் தவாஃபுக்கு அழைத்துச் செல்லாமல், ஓய்வெடுத்து இஷாவுக்குப் பின் செல்வது நல்லது.

மதீனா: தெரியாமல் வறட்டும் வெயில்

மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் ஹர்ரா எனப்படும் கரிய எரிமலைப் பாறை நிலங்கள் இருக்கின்றன. ஹதீஸ்களில் மதீனாவின் ஹரம் எல்லையாக வரும் இரண்டு லாபாக்கள் இவையே. கோடைப் பகலில் 43 டிகிரி வரை போகும். காற்றில் ஈரம் மிகக் குறைவு. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் "எனக்கு வேர்க்கவே இல்லை" என்று பெரியவர்கள் தண்ணீர் குடிக்க மறுப்பார்கள். உள்ளே உடல் வறண்டுகொண்டிருக்கும். உதடு வெடிப்பதும், மூக்கில் இரத்தம் கசிவதும், சிறுநீர் அடர் மஞ்சளாவதும் அதன் அறிகுறிகள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி குடிக்கக் கொடுங்கள்.

மார்க்கம் தந்த எளிமை

கடும் வெயிலில் லுஹரைச் சற்றுத் தணிந்த பிறகு தொழும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. இறுதி ஹஜ்ஜில் நபி (ஸல்) அவர்கள் கல்லெறிந்தபோது தோழர் ஒருவர் துணியை உயர்த்தி அவர்களுக்கு நிழல் பிடித்த செய்தி முஸ்லிமில் உள்ளது. எனவே இஹ்ராமில் உள்ள ஆண்கள் தலையில் படாமல் குடை பிடிக்கலாம். உம்ராவின் தவாஃபுக்கும் ஸயீக்கும் குறிப்பிட்ட நேரம் இல்லை. நண்பகலில் வருந்திச் செய்தால் கூடுதல் நன்மை என்று எண்ணி உடலை அழிவில் போடுவது மார்க்கம் கேட்காத ஒன்று.

கையில் வைத்திருக்க வேண்டியவை

- குடை, தண்ணீர் பாட்டில், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம்.
- செருப்பை வாசலில் விடாமல் பையில் வையுங்கள். மதாஃபின் வெள்ளைப் பளிங்கு வெயிலிலும் காலைச் சுடாது. வெளியே உள்ள தார்ச்சாலை கொப்புளம் போட வைக்கும்.
- இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மாத்திரையில் மாற்றம் தேவையா என்று புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
- தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்கு வாருங்கள். உளறல், மயக்கம், கொதிக்கும் உடல் என்றால் அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. உடலை நனைத்து விசிறியபடி 997 என்ற எண்ணில் செம்பிறைச் சங்கத்தை அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை உள்ளது. இது உங்கள் உரிமை. ஊரிலிருந்து போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு நண்பகலில் ஓய்வு கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

புனித பூமிக்குச் செல்பவர்களையும் அங்கே உழைப்பவர்களையும் அல்லாஹ் ஆரோக்கியத்துடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.