இருட்டறையிலிருந்து வந்த கருவிகள்: இரண்டு மணி நேர வகுப்புக்கு ஒரு குறிப்பு

அடுத்த மாதம் ஒரு சின்ன வகுப்பு எடுக்கணும். இரண்டு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோருமே போட்டோ எடிட்டிங் மென்பொருளை முதல்முறையாகத் திறக்கப் போகிறவர்கள். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும் என்று முடிவு செய்தாச்சு. எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதில்தான் சிக்கல். நான் பார்த்த பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை கருவிப்பெட்டியின் மேல் மூலையில் தொடங்கி வரிசையாகக் கீழே இறங்குகின்றன. அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்வது மாதிரி இருக்கிறது. பத்தாவது கருவிக்குப் போகும்போது முதலாவது மறந்திருக்கும்.

சரி, இந்தக் கருவிகளுக்கெல்லாம் ஏன் இப்படிப் பெயர் வந்தது என்று தேடிப் பார்த்தேன். பாடத்தின் வரிசையே அதில் கிடைத்துவிட்டது.

'டாட்ஜ்', 'பர்ன்' இரண்டையும் எடுத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் டாட்ஜுக்கு ஒரு குச்சியின் முனையில் வட்டம் படமாக இருக்கும். பார்த்தால் லாலிபாப் மாதிரி. பர்னுக்கு ஒரு கை. புதிதாக வருபவர் இதிலிருந்து என்ன புரிந்துகொள்ள முடியும், சொல்லுங்க? ஆனால் பிலிம் காலத்து இருட்டறையில் வேலை செய்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

அங்கே என்லார்ஜர் என்று ஒரு கருவி. மேலே விளக்கு, நடுவில் நெகட்டிவ், கீழே போட்டோ பேப்பர். பேப்பரில் எவ்வளவு ஒளி படுகிறதோ அவ்வளவு கறுக்கும். முகம் மட்டும் ரொம்ப இருட்டாக வரும் என்று தெரிந்தால், கம்பியில் ஒட்டிய சின்ன அட்டை வட்டத்தை முகத்தின் மேல் நிழல் விழுகிற மாதிரி சில விநாடி பிடிப்பார்கள். அசைத்துக்கொண்டே பிடிக்கணும், இல்லாவிட்டால் வட்டத்தின் விளிம்பு படத்தில் தெரிந்துவிடும். அதுதான் டாட்ஜ்: ஒளியை மறைத்தால் படம் வெளுக்கிறது. வானம் வெறும் வெள்ளையாக வந்தால் நேர்மாறான வேலை. இரண்டு கைகளையும் சேர்த்து நடுவில் ஓட்டை விட்டு, அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒளி கொடுப்பார்கள். அதுதான் பர்ன். அந்த ஐகானில் இருக்கும் கை இந்தக் கைதான்.

'எரிப்பது' என்றால் வெளிச்சமாகும் என்றுதான் எவருக்கும் தோன்றும், இங்கே கறுக்கிறது. நெகட்டிவ், பேப்பர் கதையை ஐந்து நிமிடம் சொல்லிவிட்டால் அந்தக் குழப்பம் மறுபடி வராது.

இதைவிட வேடிக்கை 'அன்ஷார்ப் மாஸ்க்'. பெயரில் 'கூர்மையற்றது' என்று இருக்கிறது, செய்வதோ படத்தைக் கூர்மையாக்கும் வேலை! 1930களில் ஜெர்மனியில் தோன்றிய முறை இது. அதே படத்தின் மங்கலான பாசிட்டிவ் பிரதி ஒன்றைத் தயாரித்து, நெகட்டிவோடு சேர்த்து வைத்து பிரின்ட் போடுவார்கள். பெரிய ஒளி வேறுபாடுகளை மங்கல் பிரதி தணித்துவிடும், விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். கணினி இன்றும் கிட்டத்தட்ட அதே கணக்கைத்தான் போடுகிறது: மங்கலாக்கிய பிரதியை அசலிலிருந்து கழித்து, கிடைத்த வித்தியாசத்தை அசலோடு கூட்டுகிறது.

இருட்டறை கணினிக்குள் எப்படி வந்தது என்பதற்கு ஒரு குடும்பக் கதை உண்டு. தாமஸ் நோல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர். அவருடைய அப்பா அங்கேயே பேராசிரியர். வீட்டில் இருட்டறை வைத்திருந்தவர். தாமஸ் பிரின்ட் போடக் கற்றது அங்கேதான். 1987-இல் அவரிடம் இருந்த மெக்கின்டாஷ் பிளஸ் கணினியின் திரையில் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகள் மட்டும்தான் தெரியும், சாம்பல் நிறம் கிடையாது. சாம்பல் படங்களை அதில் காட்டுவதற்காக 'டிஸ்ப்ளே' என்று ஒரு நிரல் எழுதினார். சினிமா எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அண்ணன்... இல்லை, சகோதரர் என்றே சொல்கிறேன், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் மூத்தவரா இளையவரா என்று பார்ப்பதே இல்லை! அந்த ஜான் நோல் அதைப் பார்த்துவிட்டு முழு எடிட்டிங் மென்பொருளாக வளர்க்கத் தூண்டினார். 1990 பிப்ரவரியில் அடோபி அதை போட்டோஷாப் 1.0 என்று வெளியிட்டது. கிம்ப் பிறகு வந்தது. பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் இருவரும் 1995-இல் தொடங்கிய வேலை.

நம்ம ஊர் ஸ்டூடியோக்களிலும் இது புதிதில்லை. நெகட்டிவில் கூரான பென்சிலால் 'டச்' பண்ணுவார்கள். முகத்திலுள்ள அம்மைத் தழும்பின் நிழல் நெகட்டிவில் தெளிவான புள்ளியாக இருக்கும். அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரின்டில் தழும்பு மறைந்துவிடும். இன்றைய ஹீலிங் பிரஷ் செய்வதும் தழும்பை மறைக்கிற வேலைதான். ஆனால் பென்சில் வழுக்கினால் நெகட்டிவே பாழாகலாம்.

இந்த பயத்தைத்தான் வகுப்பில் முதலில் போக்கணும். ஆரம்பகால போட்டோஷாப்பில் கடைசியாகச் செய்த ஒரே ஒரு செயலைத்தான் திரும்பப் பெற முடியும். 1994-இல் மூன்றாம் பதிப்பில் லேயர் வந்தது: அசல் அடியில் கிடக்கும், நம் வேலை மேலே வேறு தாளில். அதனால் லேயரை 'அட்வான்ஸ்டு' பாடம் என்று கடைசிக்குத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. படத்தைத் திறந்ததும் முதல் வேலை, லேயரை டூப்ளிகேட் செய்வது. கூடவே இன்னொன்று: கிம்பில் 'சேவ்' கொடுத்தால் லேயர்களோடு எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' கொடுக்கணும். புதிதாக வருகிறவர்கள் சட்டென்று தடுக்கி விழுகிற இடம் இது.

அடுக்கி வைக்கும் யோசனையும் கணினிக்கு முந்தியதுதான். 1850களில் பிரான்ஸின் குஸ்தாவ் லெ க்ரே கடலைப் படம் எடுத்தார். அந்தக் காலத்துத் தகடுகள் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி உணர்வு கொண்டவை. கடலுக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெளுத்துப் போகும். எனவே சில படங்களுக்கு மேகத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே பிரின்டில் சேர்த்தார். இரண்டும் ஒரே நாளில் எடுத்தவையாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இதற்கு எதிரே வைக்க ஒரு படம் தேர்ந்திருக்கிறேன். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாக்ரபிக் அட்டை. கீஸா பிரமிடுகளின் படம் அகலவாக்கில் எடுக்கப்பட்டது, அட்டையோ உயரவாக்கு. படத்தை அதில் அடக்க டிஜிட்டல் முறையில் பிரமிடுகளை நெருக்கி வைத்துவிட்டார்கள். போட்டோஷாப் வருவதற்கு எட்டு வருஷம் முன்பு! செய்தி தெரிந்ததும் பெரிய சர்ச்சை.

லெ க்ரே செய்தது சரி, இது தப்பு என்று பிரிக்க முடியுமா? என் கணிப்பு: லெ க்ரேயின் படத்தைக் கலையாகப் பார்த்தார்கள், அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் எகிப்தில் பிரமிடு எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும் என்று நம்பி வாங்கினார்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் வேறு மாதிரி பிரிக்கலாம். அதனால் இந்த இரண்டு படங்களுக்கும் கடைசி இருபது நிமிடம். முதல் இருபது என்லார்ஜர் கதைக்கும் லேயருக்கும். நடுவில் உள்ள எண்பது நிமிடமும் அவரவர் வீட்டுப் பழைய படத்தை வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, முகத்தை டாட்ஜ் பண்ணிப் பார்க்க. உரை, ஃபில்டர், பின்னணி நீக்குவது எதுவும் இந்த முறை இல்லை.