பிறநாட்டுக் கிராமங்களில் இளைஞர் தொண்டு – ஒரு வரலாற்று நோக்கு

உள்ளவன் இல்லாதவனுக்கு ஈவது பண்டுதொட்டு உலகெங்கும் போற்றப்படும் அறம். ஆயினும் வள்ளுவப் பெருந்தகை ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, அதற்கு முன்னரே ஒப்புரவறிதல் என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். கையிலுள்ளதைக் கொடுத்துவிட்டு அகல்வது ஒன்று. ஊரோடு ஒத்து நின்று உதவுவது மற்றொன்று. கடல் கடந்து, மொழியறியாத ஏழைக் கிராமங்களிற் கல்விக்கும் ஊர் வளர்ச்சிக்கும் உழைத்த தொண்டர் கூட்டங்களின் வரலாற்றை நோக்குவோமாயின், இவ்வேறுபாடு நமக்கு நன்கு புலனாகும்.

இவ்வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவர் சுவிற்சர்லாந்து நாட்டவரான பியர் செரசோல். 1879 இற் பிறந்த இவர் கற்றுத் தேர்ந்த பொறியியலாளர். தந்தையாரோ அந்நாட்டின் தலைவர் பதவியை வகித்தவர். போரை வெறுத்த செரசோல் இராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை சென்றார். முதலாம் உலகப் போரில் அழிந்த பிரான்சு தேசத்து எஸ்ன் என்னும் கிராமத்தை மீளக் கட்டியெழுப்ப 1920 இல் அவர் ஒரு சிறு கூட்டத்துடன் சென்றார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜேர்மானியரும் அக்கூட்டத்தில் இருந்தனர். அது அதிகாரிகளுக்கு உவப்பாயில்லை; மறு ஆண்டே அப்பணி நின்றுபோயிற்று. எனினும் அதிலிருந்தே சர்வதேச குடிமைத் தொண்டு இயக்கம் வளர்ந்தது. 1927 இல் லீக்டன்ஸ்ரைன் வெள்ளத்தால் அழிந்ததையடுத்து, 1928 இல் பல நாடுகளிலிருந்தும் 700 இற்கு மேற்பட்ட தொண்டர் அங்கு திரண்டு, மூடிக்கிடந்த மண்ணை அகற்றினர்.

ஐரோப்பாவோடு நின்றுவிடாது இவ்வியக்கத்தை ஆசியாவுக்கு அழைத்து வந்தது ஒரு பெருந்துயர். 1934 ஜனவரி 15 ஆந் திகதி பிற்பகல் பீகார் மாகாணமும் நேபாளமும் நிலநடுக்கத்தால் அதிர்ந்தன. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலம் பிளந்து நீரும் மணலும் பீறிட்டெழுந்து வயல்களை மூடின. தரை தாழ்ந்த இடங்களில் அடுத்து வந்த வெள்ளங்கள் முன்னிலும் கூடுதலாக ஊர்களுட் புகுந்தன. அவ்வேளை சிறையிலிருந்து விடுபட்ட இராஜேந்திர பிரசாத் அவர்கள் நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கினார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதற் குடியரசுத் தலைவரானவர் இவரே.

செய்தி அறிந்த செரசோல் அவ்வாண்டே இந்தியா வந்தார். அவரோடு உழைக்க வந்த ஐரோப்பியர் மிகச் சிலரே. ஆளும் ஆங்கிலேயரும் விடுதலை வேண்டிய இந்தியரும் ஒருவரையொருவர் ஐயுற்ற அக்காலத்தில், அவர் அரசாங்கத்தாரோடும் பிரசாத் அவர்களோடும் ஒருங்கே கலந்து பேசினார். முசாபர்பூர்ப் பகுதியில் வெள்ளத்தில் மூழ்கும் கிராமங்களை உயர்ந்த நிலத்துக்கு மாற்றி அமைப்பதே பணி. வெள்ளைக்காரர் என்றால் குதிரை மீதிருந்து கட்டளையிடுபவர் என்றே கண்டு பழகிய குடியானவர் முன்னே, ஐம்பத்தைந்தை எட்டிய ஒரு பொறியியலாளர் மண்வெட்டி பிடித்து நின்றார். புதிதாய் எழுந்த ஊர் ஒன்றுக்குச் சாந்திபூர் எனப் பெயர் வழங்கியது. 1937 வரை இப்பணி நீடித்தது.

இங்கே நாம் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பீகாரின் துயரம் மிகப் பெரிது. அவர்கள் அமைத்த ஊர்களோ மிகச் சில. பலன் எவ்வளவு என்று அளக்கப் புகுந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அவ்வூர் மக்கள் தாமே உழைத்துத் தம் ஊரை எழுப்பினர். வந்தவர் அவ்வுழைப்பிற் பங்கு கொண்டனர். தொண்டு அங்கே தானமாக இறங்கி வரவில்லை. தோழமையாகப் பக்கத்தில் நின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், புதிதாய் விடுதலை பெற்ற நாடுகளுக்கு ஆசிரியரும் தாதியரும் பெருமளவில் தேவைப்பட்டனர். 1958 இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சனும் அவர்தம் மனைவியார் மோராவும் கடல்கடந்த தொண்டர் சேவையைத் தொடங்கி, பாடசாலைப் படிப்பை அப்பொழுதுதான் முடித்த வாலிபரைச் சரவாக் முதலிய தொலைதூர நாடுகளுக்கு அனுப்பினர். 1961 மார்ச் முதலாந் திகதி ஜனாதிபதி கென்னடி அமெரிக்க சமாதானப் படையை நிறுவினார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கானா நாட்டின் அக்ரா விமான நிலையத்தில் வந்திறங்கிய முதற் குழுவினர் அனைவரும் ஆசிரியர்கள். அந்நாட்டு ட்வி மொழியிலேயே பாட்டிசைத்து அவர்கள் மக்களை வணங்கினர். அடுத்த ஆண்டு நமது இலங்கைக்கும் இப்படையினர் கற்பிக்க வந்தனர்.

ஆயின் எல்லாம் இனிதாகவே நடந்ததென்று எண்ணலாகாது. அதே 1961 ஒக்டோபரில் நைஜீரியாவின் இபதான் நகரில் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்த ஓர் இளம் தொண்டர், தம் ஊருக்கு எழுதிய தபாலட்டையைத் தவறவிட்டார். அங்குள்ள மக்களின் வாழ்க்கையை நாகரிகமற்றது என அவ்வட்டை வருணித்தது. அது பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் கைக்கு எட்டியதும் பெரும் கிளர்ச்சி மூண்டது. எழுதியவர் நாடு திரும்ப நேர்ந்தது. நைஜீரியா விடுதலை பெற்று ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. அவர் பொய் எழுதினார் என்பதல்ல குற்றம். உதவ வந்தவர் தம்மை மேலிருந்து நோக்குகிறார் என்பதே அம்மாணவரைப் புண்படுத்திற்று. வறுமையைப் பொறுத்துக் கொள்ளும் மனிதனும் இகழ்ச்சியைப் பொறுக்கமாட்டான்.

1968 ஏப்ரலில் இவான் இல்லிச் என்னும் அறிஞர் இதனிலும் கடுமையாக இடித்துரைத்தார். கோடை விடுமுறையில் மெக்சிக்கோக் கிராமங்களுக்குத் தொண்டு செய்ய வரும் மாணவர் மாநாட்டிலேயே அவர் எழுந்து, காணவும் கற்கவும் வாருங்கள், உதவுகிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்ற கருத்துப்படப் பேசினார். ஊர் மொழி தெரியாதவர்கள், சில வாரங்களிற் போய்விடுபவர்கள், தம் தவறுகளின் விளைவை அனுபவிக்க இராதவர்கள் என்ன உதவி செய்யக்கூடும் என்பதே அவர் வாதம். அவர் கூற்று முழுவதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. கானாவில் அவ்வாசிரியரிடம் கற்ற பிள்ளைகள் பெற்ற கல்வி பொய்யாகிவிடாது. ஆனால் அவர் எழுப்பிய வினாவைத் தட்டிக் கழிக்கவும் இயலாது.

இவ்வரலாறு நம் இளைஞருக்கு உணர்த்துவன சில. அழையாத ஊருக்கு அறிவுரை சுமந்து செல்லலாகாது. அவ்வூர் மொழியும் வழக்கமும் கற்பதே முதற் பணி. நாம் திரும்பிய பின்னும் அவ்வூரார் தாமே நடத்தக்கூடிய கருமம் எதுவோ, அதையே தொடங்குதல் வேண்டும்.

கடல் கடந்து போவோர் நம்முட் சிலராகவே இருக்கலாம். ஆனால் நகரத்திலிருந்து ஒரு பின்தங்கிய கிராமத்துக்குப் புத்தகக் கட்டுகளோடு ஒரு நாட் சென்று, படம் பிடித்துக் கொண்டு மாலையில் திரும்பும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அப்புத்தகங்களை மறுநாள் யார் வாசித்தார் என்று நாம் போய் விசாரித்ததுண்டா? மூத்தோர் இதனைக் கேட்பாராக. இளையோர் விடை கூறுவாராக. அடுத்த முறை வெறுங்கையோடு ஒரு தடவை போய், அவ்வூர்த் திண்ணையில் அமர்ந்து, அம்மக்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவோம். பணி அங்கிருந்து தொடங்கட்டும்.