ஓசூரிலிருந்து கடலூருக்குப் படகில் போகலாமா?

போன மாசம் அக்கா மகன் தோட்டத்துக்கு வந்திருந்தான். சிப்காட்டில் வேலை பார்க்கிறான். நாங்கள் கோஸ் அறுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். அவனும் நாலு மூட்டை தூக்கிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ காட்டினான். இங்கிலாந்தில் ஒரு புருஷனும் பொண்டாட்டியும் சின்ன மோட்டார் படகில் கால்வாய் கால்வாயாகப் போகிறார்கள். பகலில் படகை ஓட்டுவது, பொழுது சாய்ந்தால் கரையில் கட்டிவிட்டுச் சமைப்பது. லீவு முடிந்தால் படகை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த லீவுக்கு விட்ட இடத்திலிருந்து மறுபடி பயணம்.

“மாமா, நம்ம தென்பெண்ணையும் இங்கிருந்து கடலூர் வரைக்கும் போகுதே. இதே மாதிரி தவணை தவணையா படகுல போனா என்ன?” என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் அதே கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. ஏன் முடியாது? யாராவது யோசித்திருப்பார்களா? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஆறு. கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் தாண்டி, கடலூர் பக்கம் கடலில் சேருகிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரே கோடுதான். ஆனால் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. படகு அவ்வளவு உயரமும் இறங்கியாக வேண்டும்.

படகு மேடு பள்ளம் ஏறி இறங்க மனுஷன் கண்டுபிடித்தது ‘லாக்’. ரெண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, தண்ணீரை மெதுவாகக் கீழே விடுவார்கள். படகும் தண்ணீரோடு இறங்கும். கீழ்மட்டத்துக்கு வந்ததும் முன்கதவைத் திறந்தால் படகு வெளியே போய்விடும். ஏறுவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தில் கலிடோனியன் கால்வாயில் இப்படி எட்டு தொட்டிகள் படிக்கட்டு மாதிரி வரிசையாக இருக்கின்றன. எட்டும் சேர்ந்து படகை ஏற்றுவது சுமார் 20 மீட்டர்தான். ஒரு தொட்டிக்கு 3 மீட்டர் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும், ஓசூரிலிருந்து கடலுக்கு இறங்க 290 தொட்டிக்கு மேல் வேண்டும்!

அது மட்டுமில்லை. படகு ஒருமுறை இறங்கினால் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். வருஷம் பூராவும் மழை தூறுகிற ஊருக்கு அது சரி. நம்ம பக்கம் அந்தத் தண்ணீர் கிடைத்தால் படகுக்கா விடுவோம்? ஒரு போகம் ராகி எடுத்துவிடுவோம்.

அதனால் நம்ம ஊர் படகு பரிசலோடு நின்றுவிட்டது. மூங்கில் பிளாச்சில் பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். காவிரி நம்ம மாவட்டத்தின் ஓரத்தில், பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கல்லுக்குப் போகிறது. அங்கே பாறைக்கும் சுழலுக்கும் நடுவில் போகத் தோதானது அந்த வட்டக் கூடைதான். இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகலாம், கொஞ்ச தூரம் சுற்றிப் பார்க்கலாம். ஊர் விட்டு ஊர் நாள்கணக்கில் போகிற பயணத்துக்கு அது ஆகாது.

ஆனால் மேட்டு நிலத்தில் படகு விட வேண்டும் என்று யோசித்தவர்கள் இருந்தார்கள். முக்கியமானவர் ஆர்தர் காட்டன். கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டியவர், முக்கொம்பு மேலணைக்கும் அவர்தான். ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தைக் கால்வாயில் போட்டால் பாசனமும் ஆகும், சரக்கும் மலிவாகப் போகும் என்று கடைசிவரை வாதாடினார். அவர் எண்ணத்தில் பிறந்ததுதான் ஆந்திராவின் கர்னூல்–கடப்பா கால்வாய். 1860களில் லண்டன் முதலாளிகளின் கம்பெனி ஒன்று பாசனம், படகு ரெண்டுக்கும் சேர்த்து அதை வெட்ட ஆரம்பித்தது. செலவு ஏறிப்போய், வருமானம் வராமல், 1882இல் அரசாங்கமே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மேட்டு நிலத்துப் படகுக் கனவுக்கு விழுந்த பெரிய அடி அது.

அப்படியானால் தமிழ்நாட்டில் படகில் தவணை தவணையாகப் போகிற நெடும்பாதை இருந்ததே இல்லையா? இருந்தது. சென்னைக்காரர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். பக்கிங்காம் கால்வாய்.

1806வாக்கில் பேசில் காக்ரேன் என்கிற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய சின்ன உப்புநீர்க் கால்வாய்தான் ஆரம்பம். அப்புறம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, வடக்கே பழவேற்காடு தாண்டியும் தெற்கேயும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியது. கடைசியில் ஆந்திராவில் பெத்தகஞ்சத்திலிருந்து நம்ம மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். கடலை ஒட்டியே ஓடுவதால் ஏறி இறங்க மேடு இல்லை. பழவேற்காடு ஏரி, எண்ணூர், கூவம், அடையாறு, முட்டுக்காடு, பாலாறு என்று ஏற்கெனவே இருந்த காயலையும் கழிமுகத்தையும் மணி கோத்த மாதிரி கோத்துவிட்டார்கள். லாக் வைத்தது ஆறு குறுக்கிடும் இடங்களில் கடல்நீர் ஏறி இறங்குவதைச் சமாளிக்க.

இந்தக் கோவையில் சென்னை நகருக்குள் ஒரு துண்டு மட்டும் ரொம்ப நாள் விட்டுப்போயிருந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் சுமார் 8 கிலோமீட்டர். அதை வெட்டியது 1877–78இல். வருஷத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தாது வருஷப் பஞ்சம்!

எங்கள் வீட்டில் யாராவது தட்டில் களியை மிச்சம் வைத்தால் பாட்டி, “தாது வருசத்துல இருந்திருந்தா தெரியும்” என்பாள். அவளும் பார்த்தவள் இல்லை. அவள் பாட்டி சொன்னது. அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் இருந்தன. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறத்தாழ 19.7 லட்சம். பத்து வருஷம் கழித்து எடுத்த கணக்கில் 16 லட்சம். கூடியிருக்க வேண்டிய ஜனம் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துபோனது. செத்தவர்கள் எத்தனை, ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை என்று பிரிக்கவா முடியும்?

நிவாரண வேலை என்று அரசாங்கம் மண் வெட்ட வைத்தது. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரி வந்து கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க வேலை செய்யும் ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, மேலே ஒரு அணா. மண்வெட்டி பிடிக்கிற எனக்கு இது புரிகிறது. அந்தத் தானியத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க மண் வெட்டிச் சுமந்தால், மறுநாள் எழுந்திருக்க முடியாது. நாலாபுறமிருந்தும் பட்டினி கிடந்த ஜனம் சென்னையை நோக்கி நடந்தது. அப்படிப்பட்ட உடம்புகள் வெட்டியதுதான் அந்த 8 கிலோமீட்டர். பேர் வைத்தது மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு.

கால்வாய் முழுசாகச் சேர்ந்த பிறகு படகுகள் ஓடின. உப்பு, விறகு, சுண்ணாம்புக் கிளிஞ்சல், நெல்லூர் அரிசி எல்லாம் சென்னைக்குத் தண்ணீரிலேயே வந்தன. காற்று வாக்காக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு ஆள் கரையில் நடந்துகொண்டே கயிறு கட்டி இழுப்பான், இன்னொருவன் படகில் நின்று கழி ஊன்றித் தள்ளுவான். மனுஷன் சுமை இழுத்து நடக்கிற வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்தால், 420 கிலோமீட்டருக்கு 140 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் ரெண்டு வாரம். பொழுது சாய்ந்தால் கரையில் கட்டிச் சமைப்பது, விடிந்தால் கிளம்புவது. அக்கா மகன் வீடியோவில் காட்டிய அதே பயணந்தான், மோட்டார் இருந்த இடத்தில் மனுஷன்.

இந்தப் பயணத்தைக் கண்ணால் பார்த்துப் பாட்டாக எழுதியவர் பாரதிதாசன். 1930களில் நண்பர்களோடு சென்னையிலிருந்து இதே கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். அந்தப் பாட்டின் பேர் ‘மாவலிபுரச் செலவு’. செலவு என்றால் பயணம். கூட்டாளிகளோடு சிரிப்பும் பேச்சுமாகப் போகிறவர், கரையில் கயிறு இழுப்பவனையும் கழி ஊன்றுபவனையும் பார்க்கிறார். அந்த இடத்தில் பாட்டு வேறு பக்கம் திரும்புகிறது. சொகுசாக உட்கார்ந்து போகிறவர் கண்ணில் இழுக்கிறவன் பட்டானே, அது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1899இல் சென்னை–விஜயவாடா ரயில் பாதை வந்ததும் கால்வாய்க்கு இறங்குமுகம். எங்கள் பக்கமும் பஞ்சத்துக்குப் பதிலாக வந்தது கால்வாய் இல்லை, ரயில்தான். இனிமேல் பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வேண்டும் என்று மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாகக் குறுகிய ரயில் பாதை போட்டு, 1913இல் ஓசூர் வரை கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அதையும் பிடுங்கிவிட்டார்கள். கால்வாய் அதற்கப்புறமும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது. 1960களிலும் 70களிலும் வந்த புயல்கள் கரையை உடைத்தன, மண் தூர்ந்தது, லாரி வந்தது. அப்புறம் நகரம் தன் சாக்கடையை அதில் திருப்பியது. பறக்கும் ரயில் வந்தபோது தூண்களையும் ஸ்டேஷன்களையும் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள்.

காகிதத்தில் மட்டும் கனவு இன்னும் இருக்கிறது. 2008இல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்களையும் கோதாவரி, கிருஷ்ணாவின் சில பகுதிகளையும் சேர்த்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், 4ஆவது தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். 2016 சட்டத்தில் நாடு முழுக்க 111 நீர்வழிகள் ஆயின. அந்தப் பட்டியலில் நம்ம தென்பெண்ணையும் இருக்கிறது, சாத்தனூர் அணையிலிருந்து கடல் வரை. மருமகனிடம் சொன்னேன்: “நீ கேட்டது பைத்தியக்காரத்தனம் இல்லடா, பாதி தூரத்துக்குச் சட்டமே இருக்கு. தண்ணிதான் இல்ல.”

தண்ணீர் என்றதும் இன்னொன்று. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளியில் தண்ணீர் திறந்தால் நுரை ஆள் உயரத்துக்கு எழும்பி ரோட்டில் பறக்கிறது. டிவியில் பார்த்திருப்பீர்கள். மேலே நகரத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வருகிற தண்ணீர் அது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் அந்தக் கால்வாய்க்கு ஆனது, 2,900 அடி உயரத்தில் எங்கள் ஆற்றுக்கும் ஆகிக்கொண்டிருக்கிறது. ஒரு வித்தியாசம், நாங்கள் இந்தத் தண்ணீரைத்தான் காய்கறிக்கும் பாய்ச்சுகிறோம். அந்தக் கோஸும் தக்காளியும் உங்கள் மார்க்கெட்டுக்குத்தான் வருகின்றன.

எங்கள் ஆற்றில் படகு ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் படகு ஓடுகிற அளவுக்கு ஓட்டமும், இறங்கிக் கைகால் கழுவுகிற அளவுக்குச் சுத்தமும் ஒரு ஆற்றில் இருந்தால், அது வயலுக்கும் போதும்.

போன வாரம் அக்கா மகன் சென்னை போய், முட்டுக்காடு படகுத் துறையில் மோட்டார் படகு ஏறியிருக்கிறான். “அரை மணி நேரந்தான் மாமா, ஆனா ஜோரா இருந்துச்சு” என்று போன் பண்ணினான். திரும்பி வரும்போது மயிலாப்பூர் ஸ்டேஷனில் இறங்கி, கீழே ஒருதரம் எட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தானாம். “கருப்பா நாறுது மாமா” என்றான்.

“அதுதாண்டா தாது வருசத்து ஜனம் வெட்டினது” என்றேன். கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. நீங்களும் அந்த ரயிலில் போகிறவராக இருந்தால், ஒருதரம் எட்டிப் பாருங்கள்.