சித்தி கொண்டுவந்த கமரா

எங்கள் வீட்டு அலுமாரியில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், ஒரு கறுப்புப் பை இருக்கு. அதுக்குள்ள ஒரு சோனி ஹண்டிகேம், ஒரு சார்ஜர், உயிர் போன ஒரு பெட்டரி, ஒன்பது கசெட். 1999ஆம் ஆண்டு சித்தி குவைத்தில இருந்து கொண்டுவந்தது. நாங்க மூணு பேரும் அப்ப பிறக்கவே இல்ல. சின்ன வயசுல அந்தப் பையைத் தொட்டாலே அடி விழும். அதனால அதை ஒரு சாமி சாமான் மாதிரிதான் நினைச்சிருந்தோம்.

போன வருஷம் கம்பஸில் உள்ளூர் வரலாறு பற்றி ஓர் ஒப்படை தந்தார்கள். யட்டவத்தப் பக்கத் தோட்டங்களைப் பற்றி எழுதலாம் என்று நூலகத்தில் உட்கார்ந்தோம். 1880இல் கண்டியில் இருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது, கோப்பி அழிந்தது, தேயிலை, கொக்கோ, இறப்பர் வந்தது, எல்லாம் கிடைத்தது. ஆட்கள் மட்டும் கிடைக்கவில்லை. எத்தனை ஏக்கர், எத்தனை கூலி என்று எண்ணாக இருந்தார்கள், முகமாக இல்லை. அப்போதுதான் வீட்டில் இருக்கும் அந்தப் பை ஞாபகம் வந்தது.

எங்கள் ஆட்களைக் கமரா ஒரு நாளும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். அவருடைய குடும்பத்துக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில், தேயிலைக்கு நடுவில் உள்ள தேவாலயத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் பெயர் சொல்லிப் படம் எடுத்தவர், இங்கே எடுத்த படங்களில் இருக்கும் தொழிலாளிகளுக்கும் கிராமத்தவர்களுக்கும் பெரும்பாலும் பெயரே இல்லை. அதன் பிறகு வந்த போஸ்ட்கார்ட் படங்களிலும் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணுக்குப் பெயர் கிடையாது.

எங்கள் வீட்டில் உள்ள ஆகப் பழைய படம் அம்மாயியுடைய அப்பாவின் படம். பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது, 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குப் படம் எடுப்பது என்றால் ஓர் அலுவலகத்துக்குக் காட்டுவதற்காக எடுப்பது. நேரே பார், அசையாதே, சிரிக்காதே. அந்தப் படத்தில் அவர் பயந்தவர் மாதிரி இருக்கிறார். வீட்டில் எல்லோரும் அவர் பயங்கரப் பகிடிக்காரர் என்கிறார்கள். எதை நம்புவது?

வீடியோ கமரா வீட்டுக்கு வந்த கதை வேறு பாதை. 1983இல் சோனி விற்ற பீட்டாமூவிதான் வீட்டுப் பாவனைக்கு என்று வந்த, கமராவும் ரெக்கோடரும் ஒன்றாக இருந்த முதல் கருவி. தோளில் வைத்து எடுக்கவேண்டிய பெரிய சாமான். எடுக்கலாம், ஆனா அதிலேயே போட்டுப் பார்க்க ஏலாது. அதே 1983 ஜூலையில் மாத்தளை டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் எரிந்தது. அந்த நாட்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.

அடுத்த வருஷம் ஜேவிசி சின்ன விஎச்எஸ் கசெட்டோடு ஒன்றை விட்டது. பிறகு 8 மில்லிமீற்றர் அகல நாடா வந்தது. 1989இல் சோனி டிஆர்55 என்ற ஹண்டிகேமை 790 கிராமில் செய்து, 'பாஸ்போர்ட் அளவு' என்று விளம்பரம் செய்தது. உல்லாசப் பயணம் போகும் ஜப்பானியக் குடும்பங்களுக்காக யோசித்த விளம்பரம் அது. எங்கள் வீட்டில் முதலில் பாஸ்போர்ட் எடுத்தவர் சித்தி. அவர் உல்லாசப் பயணம் போகவில்லை.

1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் இந்த நாட்டுக்குள் எலக்ட்ரோனிக் சாமான் கொட்டியது. 1979இல் ஐரிஎன், 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. லயத்தில் கரண்ட் இல்லாத காலத்திலும் கார் பெட்டரியில் டிவி ஓடியது; டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் போட்டார்கள். சமகாலத்தில் பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. திரும்பி வரும்போது ரேடியோ கசெட், மிக்ஸி, தங்கம். ஹண்டிகேம் கொஞ்சம் அதிசயம்தான். சித்திக்கு ஏன் அது தோணிச்சு என்று கேட்டோம். "அங்க மேடம் புள்ளைகள எடுப்பாங்க. நான் ஓரத்துல நிப்பேன். நம்ம புள்ளைகளையும் எடுக்கணும்னு நெனச்சேன்" என்றார். ரெண்டு கொந்தராத்து முடித்துத்தான் வாங்கினார்.

வந்த கமராவுக்கு லயத்தில் ஊசி குத்த ப்ளக் இல்லை. பெட்டரியைச் சார்ஜ் பண்ண மெயின் ரோட்டுக் கடைக்குக் கொண்டுபோய், பின்னேரம் போய் எடுத்துவர வேண்டும். ஒரு சார்ஜ் ஒரு மணித்தியாலம் தாங்கினால் அதிர்ஷ்டம். அதிலும் பாதி, எடுத்ததைப் பார்ப்பதிலேயே போய்விடும். பக்கத்தில் விரிகிற சின்ன ஸ்க்ரீன் ஒன்று இருக்கிறது. முழு லயமும் அதைச் சுற்றித் தலையை நீட்டும். தன்னை நடக்கிற உருவமாக அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தவர்கள் நிறையப் பேர். ஒரு தாத்தா, "நான் இவ்வளவு கூனியா நடக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு ரெண்டு நாள் நிமிர்ந்தே நடந்தாராம்.

1998இல் சோனி நைட்ஷொட் என்றொரு வசதியைச் சேர்த்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, கும்மிருட்டிலும் எடுக்கலாம். படம் பச்சையாக வரும், கண்கள் மின்னும். எங்கள் கமராவில் அது இருக்கிறது. அதனால் எங்கள் குடும்ப வரலாற்றில் பாதி பச்சை. காம்பராவுக்குள் குப்பி விளக்கு வெளிச்சத்தில் நடந்த எல்லாம், அம்மாயி ரொட்டி தட்டுவது, மாமா தப்பைத் தணலில் காய்ச்சுவது, புதுசாகப் பிறந்த எங்கள் பெரிய அக்கா தூங்குவது, எல்லாம் பச்சை. வேறொரு நாட்டில் தோட்டத்து நரியைப் படம் எடுக்க உதவிய வசதி, இங்கே கரண்ட் இல்லாத வீட்டைப் பதிவு செய்திருக்கிறது.

இதுவரை ஏழு கசெட் பார்த்துவிட்டோம். மூன்று கல்யாணம், ரெண்டு சடங்கு, ஒரு காமன் கூத்து, ஒன்றில் பலதும் கலந்து. எல்லாரும் பட்டு, பவுடர், பூ. யாரும் கூடை தூக்கவில்லை, யாரும் பால் வெட்டவில்லை. முதலில் எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு உழைப்புத்தான் வேணும்! பிறகு யோசித்தால், அதை மற்றவர்கள் நூற்றைம்பது வருஷமாக எடுத்துவிட்டார்கள். கமரா எங்கள் கைக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் வேலை இல்லாத நாளைத்தான் எடுத்தார்கள். அவர்கள் வைக்க விரும்பியது அது. அதை ஒரு குறையாக எழுத எங்களுக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறோம்.

ஆனாலும் நாலாவது கசெட்டில் ஒரு நாற்பது விநாடி இருக்கிறது. சிவப்பு பட்டனை அமத்தி நிறுத்திவிட்டதாக நினைத்து, உண்மையில் ஓடவிட்டுவிட்டார்கள். ஹண்டிகேம் பாவித்த எல்லா வீட்டிலும் நடந்திருக்கும் பிழைதான். கமரா கீழே தொங்குகிறது. விடியற்காலை மண் பாதை, பெரட்டுக்குப் போகும் கால்கள். செருப்பில்லாத கால், ரெண்டு கால் சப்பாத்து, ஒரு நாய். கங்காணி குரல் தூரத்தில் பெயர் கூப்பிடுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "ஆ". நூலகத்தில் நாங்கள் தேடியது முழுவதும் அந்த நாற்பது விநாடியில் இருக்கிறது, அதுவும் பெயரோடு.

இதையெல்லாம் அவசரமாக எழுதக் காரணம், அந்த நாடா நிற்காது. கசெட்டின் மேல் பி5-90 என்று இருந்தால் பால் முறையில் 90 நிமிடம். உள்ளே நூறு மீற்றருக்கு மேல் நாடா, பிளாஸ்டிக் மேல் உலோகத் தூளைப் பசை போட்டு ஒட்டியது. அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சும். மழைக்கு எங்கள் பக்கத்துச் சுவரே வேர்க்கும். கசெட் என்ன செய்யும்? ஒட்டும், பூஞ்சணம் பிடிக்கும், நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும் ஹெட்டில் தூள் படியும். போட்டுப் பார்க்கும் மெஷினும் இல்லாமல் போகிறது. கடைசி விஎச்எஸ் டெக்கைச் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பனியே 2016இல் நிறுத்திவிட்டது.

இது தெரியாமல் முதல் கசெட்டை ஒரு கடையில் கொடுத்தோம். துடைக்காத மெஷினில் போட்டு, நாடா சுற்றிக் கசங்கியது. அம்மாயி தாலாட்டுப் பாடிய இடம். அவர் இப்போது இல்லை. இப்போது குரல் வரும், நடுவில் ஒரு நிமிடம் மழை மாதிரி இரைச்சல், பிறகு கடைசி வரி.

அதன் பிறகுதான் புத்தி வந்தது. ஹை8 நாடாவைப் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு டிஜிட்டல்8 கமராவைத் தெரிந்தவர் ஒருவரிடம் கடன் வாங்கினோம். கசெட்டை ஈரமில்லாத அறையில் நாலைந்து நாள் வைத்து, ஒரு தடவை முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றி, ஹெட்டைத் துடைத்து, ஒரே ஓட்டத்தில் லெப்டொப்பில் ஏற்றினோம். ஏற்றியதை ரெண்டு இடத்தில் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் பை இருந்தால் கடைக்குக் கொடுக்குமுன், அவர்கள் முதலில் ஒரு வெற்றுக் கசெட்டை ஓட்டிக் காட்டுவார்களா என்று கேளுங்கள்.

ஏழு கசெட்டிலும் சித்தி இல்லை. ஒரு கல்யாணத்தில் சுவரில் ஒரு நிழல், கையைத் தூக்கியபடி. அவராகத்தான் இருக்க வேண்டும். "எடுத்தவ எப்பிடிப் படத்துல இருப்பா?" என்று சிரித்தார். ஆனா மைக் கமராவிலேயே இருப்பதால், மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்பது அவர் குரல். "அம்மா, இங்க பாருங்க. அசையலாம், அசையலாம், இது போட்டோ இல்ல."

இன்னும் ரெண்டு கசெட் இருக்கு. ஒன்றில் 'மாசி மகம், மாத்தளை தேர்' என்று சித்தியின் எழுத்து. மற்றதில் ஒன்றும் எழுதவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் ஞாபகம் இல்லை. மழை விட்டதும் போட வேண்டும்.